வீட்டை ஒட்டிய மரப்பந்தல்: புயலுக்கு நிற்குமாறு அமைக்கும் முறை

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் மேற்குப் பார்த்த சுவர் உள்ள வீடுகளில் பங்குனி முதல் ஆனி வரை மாலை வேளையில் உட்கார முடிவதில்லை. பகலெல்லாம் வெயிலை வாங்கிய செங்கல் சுவர், விளக்கு வைத்து வெகு நேரம் ஆன பிறகும் அனலை உள்ளே விட்டுக்கொண்டே இருக்கும். கூரை வீடுகளிலும் ஓட்டு வீடுகளிலும் திண்ணையும் தாழ்வாரமும் இருந்து இந்த வெயிலைத் தடுத்து வந்தன. காங்கிரீட் தளம் போட்ட வீடுகளில் அவை இல்லை. ஆகவே சுவரை ஒட்டி மரப்பந்தல் போட்டு, அதன்மேல் புடலை, பாகல், பீர்க்கு முதலிய கொடிகளை ஏற்றிவிடும் வழக்கம் நல்ல வழக்கமே. வீட்டுக்கு நிழலும் கிடைக்கிறது. அடுப்புக்குக் காயும் கிடைக்கிறது.

பந்தல் போடுவது இப்பகுதி மக்களுக்குச் சொல்லித் தர வேண்டிய வேலையன்று. ஆனால் மூன்று நாள் நிற்க வேண்டிய கலியாணப் பந்தலைப் போடும் முறையிலேயே, பத்து ஆண்டு நிற்க வேண்டிய வீட்டுப் பந்தலையும் போட்டுவிடுகிறார்கள். சவுக்குக் கழியைப் பச்சையாக வாங்கி, மண்ணில் ஒன்றரை அடி நட்டு, மறுமுனையைச் சுவரில் துளை போட்டுச் செருகி, கயிற்றால் கட்டி முடித்துவிடுகிறார்கள். இரண்டாவது மழைக்காலம் வருவதற்குள் கால்கள் அடியில் இற்றுவிடுகின்றன. புயல் வரும்போது பந்தல் போவதோடு நிற்பதில்லை. செருகிய இடத்துச் சுவரையும், பக்கத்து வீட்டு ஓட்டையும் சேர்த்துப் பெயர்த்துவிடுகிறது.

புயல் பந்தலைத் தூக்கும்

பந்தல் பாரத்தால் கீழே விழும் என்று எண்ணித்தான் பலரும் கால்களை நடுகிறார்கள். இந்தக் கடலோரப் பகுதியில் அஞ்ச வேண்டியது வேறு. கொடி அடர்ந்து மூடிய பந்தல், காற்றுக்குப் பாய்மரம் போன்றது. மேலே விரைந்து செல்லும் காற்று இழுக்க, அடியில் புகுந்து சுவரில் முட்டித் திரும்பும் காற்று தூக்க, பந்தல் மேலே எழும்பும். சுவரை ஒட்டியிருப்பதால் அடியில் புகும் காற்றுக்கு வெளியேற வழி குறைவு. வெட்ட வெளியில் உள்ள பந்தலைவிட வீட்டை ஒட்டிய பந்தலுக்கு இந்த ஆபத்து அதிகம்.

இதற்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகக் காற்று, ஒரு சதுர மீட்டர் பரப்பில் சுமார் 47 கிலோ அழுத்தம் தரும். 20 அடி நீளம், 10 அடி அகலம் உள்ள பந்தலின் மேற்பரப்பு முழுதும் மூடியிருந்தால், அதை மேலே தூக்கும் விசை ஏறத்தாழ 880 கிலோ வரை வரலாம். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் விசை இரண்டு மடங்காவதில்லை, நான்கு மடங்காகும். மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்திற்கு இதே பந்தலில் விசை 1,700 கிலோவை எட்டும். எட்டுக் கால்கள் இருந்தால் ஒவ்வொரு காலையும் 200 கிலோவுக்கு மேல் மண்ணிலிருந்து பிடுங்கப் பார்க்கும்.

இப்படிப்பட்ட காற்று என்றோ ஒரு நாள் வருவதுதானே என்று விட்டுவிட முடியாது. 2011 டிசம்பர் 30-இல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயல், பலா, முந்திரி, சவுக்குத் தோப்புகளை என்ன செய்தது என்பதை இப்பகுதி விவசாயிகள் மறக்கவில்லை. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறிய பெஞ்சல் புயலில் காற்றைவிட மழையே பெரிதாயிற்று. திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியது. இவ்வளவு நீர் இறங்கிய மண் சேறாகி, நட்ட காலைப் பிடித்து வைத்திருக்கும் வலுவை இழந்துவிடும். ஆகவே பந்தலின் கால், மண்ணின் பிடிப்பை மட்டும் நம்பி நிற்காமல், தன் அடியில் உள்ள எடையை நம்பி நிற்க வேண்டும். ஏரிப் பாசனப் பகுதிகளில் உள்ள களிமண் நிலத்தில் இது இன்னும் முக்கியம். அந்த மண் மழையில் உப்பி, கோடையில் வெடித்து, காலை ஆட்டிக்கொண்டே இருக்கும். செம்மண் நிலத்தில் தொல்லை சற்றுக் குறைவு.

சுவரில் சாய்க்க வேண்டாம்

பந்தல் வீட்டுக்குப் பக்கத்தில் நிற்கலாம். வீட்டின்மேல் சாயக் கூடாது. சுவரை ஒட்டிய பக்கத்திற்குக் கால் வேண்டாம், சட்டத்தைச் சுவரில் முளையடித்துத் தொங்கவிட்டால் நாலு கால் செலவு மிச்சம் என்று ஆசாரியோ கொத்தனாரோ சொல்லக்கூடும். அந்த மிச்சம் வேண்டியதில்லை. முளை அடித்த துளை வழியே வடகிழக்குப் பருவ மழை சுவருக்குள் இறங்கும். மண் சாந்தில் கட்டிய பழைய சுவராக இருந்தால் இரண்டு மழையில் அந்த இடம் ஊறி உதிரும். பந்தல் காற்றில் ஆடும்போதெல்லாம் முளை சுவரை அசைக்கும். மேலும் ஒரு சங்கடம்: சுவரைத் தொட்ட மரம் கரையானுக்குப் பாலம். பந்தல் காலில் ஏறிய கரையான் சட்டத்தின் வழியே சென்று கதவு நிலையைத் தின்னத் தொடங்கியிருப்பது, நிலையைத் தட்டிப் பார்க்கும் நாள் வரை தெரியாது.

ஆகவே உள்வரிசைக் கால்களைச் சுவரிலிருந்து 2 அடி தள்ளி நட வேண்டும். அதற்கு 8 அடி தள்ளி வெளிவரிசை. மேலே வரும் குறுக்குக் கழிகள் 10 அடி நீளம் இருந்தால், இருபக்கமும் ஒவ்வோர் அடி நீண்டு நிற்கும். சுவருக்கும் கழி முனைக்கும் இடையே 1 அடி வெளி இருக்கும். சன்னலுக்கு மேல் சன்ஷேடு உள்ள வீடுகளில் அந்த வெளியை அதுவே மூடிக்கொள்ளும். இந்த 1 அடி வெளி இருந்தால் எலியும் பாம்பும் கொடி வழியே ஓட்டுக்கும் மாடிக்கும் ஏறுவது குறையும். கால் குழி அஸ்திவாரத்தைத் தொடாமலும் இருக்கும்.

நிழல் குறைந்துவிடுமே என்ற கவலை வேண்டாம். இந்த வட்டாரம் ஏறத்தாழ 12 டிகிரி வட அட்சரேகையில் உள்ளது. சித்திரை முதல் வாரங்களில் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நின்று, மாலையில் நேர் மேற்கே இறங்குகிறது. மேற்சொன்ன அளவில், வெளி விளிம்பு 7 அடி உயரத்தில் இருந்தால், மாலை 4 மணி வரை மேற்குச் சுவர் முழுவதும் நிழலில் இருக்கும். 5 மணிக்குச் சுவரின் அடிப்பகுதி மூன்றரை அடிக்கு மட்டும் வெயில் படும். வெளி விளிம்பில் நாலைந்து கயிறுகளைத் தரைவரை கட்டிப் பாகல் கொடியைத் தொங்கவிட்டால் அதுவும் தடுக்கப்படும். தெற்குச் சுவருக்குக் கோடையில் பந்தல் தேவையே இல்லை. வைகாசி, ஆனி மாதங்களில் சூரியன் வடக்கே சாய்ந்து செல்வதால் அந்தச் சுவரில் வெயில் படுவதில்லை. ஒரே ஒரு பந்தலுக்குத்தான் வசதி இருக்கிறது என்றால் மேற்குப் பக்கமே போட வேண்டும்.

எந்த மரம் ஏற்றது?

மரக்காணம் பக்கத்து மணல் நிலங்களில் சவுக்குத் தோப்புகள் நிறைய இருப்பதால், இங்கு பந்தலுக்குச் சவுக்கே முதல் மரம். 19-ஆம் நூற்றாண்டில் புகைவண்டி எஞ்சினுக்கு விறகு வேண்டி இக்கடற்கரையில் பரப்பப்பட்ட மரம், இன்று சாரத்திற்கும் காகித ஆலைக்கும் போகிறது. நேரான கழி, நல்ல வலு, கைக்கு எட்டும் விலை. ஆனால் மண்ணில் புதைத்தால் கரையானுக்கும் பூஞ்சணத்திற்கும் இதைப்போல் எளிதில் இரையாகும் மரம் குறைவு. சவுக்கை நிலத்துக்கு மேலே மட்டும் பயன்படுத்தினால் இந்தக் குறை பெரும்பாலும் நீங்கிவிடும்.

வாங்கும் கழி நாலைந்து வயதான மரத்தில் வெட்டியதாக இருக்கட்டும். வாங்கிய அன்றே பட்டையை முழுக்க உரித்துவிட வேண்டும். துளைப்பான் வண்டு முட்டையிடுவதும் பெருகுவதும் பட்டைக்கு அடியில்தான். பிறகு நிழலில் நிறுத்தி வைத்து இரண்டு, மூன்று மாதம் உலர்த்த வேண்டும். பச்சைக் கழியில் இன்று முடுக்கிய கட்டு, கழி சுருங்கியதும் தானே தளர்ந்துவிடும். ஐப்பசிக்கு முன் வாங்கித் தாழ்வாரத்தில் சாய்த்து வைத்தால் தை மாதம் வேலைக்கு ஆகும்.

பழைய ஓட்டு வீடுகளைப் பிரிக்கும் இடங்களில் பனங்கைகள் கிடைத்தால் விடாமல் வாங்கலாம். வைரம் பாய்ந்த பனங்கை பல பத்தாண்டுகள் கூரையைத் தாங்கிய பின்னும் உளி இறங்காமல் இருக்கும். இதற்காகப் பனையை வெட்டக் கூடாது. 2021 முதல் பனை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி தேவை. ஒதியன், கல்யாண முருங்கை போன்ற உயிர்க்கால்கள் தோட்டத்திற்குச் சரி. வீட்டை ஒட்டி நட்டால் ஆண்டுக்கு ஆண்டு பருத்து, பந்தலின் மட்டத்தைக் குலைக்கும்.

இற்றுப்போகும் இடம்

பிடுங்கி எடுத்த பழைய பந்தல் காலைப் பார்த்தால் ஒன்று தெரியும். மண்ணின் ஆழத்தில் இருந்த முனை ஓரளவு நன்றாக இருக்கும். வெளியே இருந்த பகுதியும் நன்றாக இருக்கும். தரை மட்டத்திற்கு மேலும் கீழும் உள்ள ஓரடிதான் இற்றுப்போயிருக்கும். மரத்தைத் தின்னும் பூஞ்சணத்திற்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். இரண்டும் சேர்ந்து கிடைக்கும் இடம் தரைமட்டம். திண்டிவனத்தை அடுத்த திருவக்கரையில் சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடப்பதைப் பலர் பார்த்திருக்கலாம். காற்றுப் புகாதபடி மணலும் வண்டலும் மூடிக்கொண்டதால்தான் அவை கல்லாகும் வரை அழுகாமல் தப்பின.

காலைச் சுற்றிச் சிமென்ட் கலவை ஊற்றிவிட்டால் மரம் கெடாது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. இது தவறு. மரம் காய்ந்து சுருங்கியதும் கலவைக்கும் மரத்துக்கும் நடுவே இடைவெளி விழும். மழை நீர் அதில் இறங்கி, கிண்ணத்தில் நின்றது போல் நிற்கும். வெறும் மண்ணில் நட்டதைவிடச் சில சமயம் விரைவில் அழுகும். அடியைத் தீயில் கருக்குவதும், தார் பூசுவதும் சிறிது காலம் தாங்கும். வெடிப்பு விழுந்தால் அத்துடன் சரி.

மருந்தேற்றிய மரம் வாங்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் சொந்தி காமேசம் என்ற இந்திய விஞ்ஞானி 1933-இல் செம்பு, குரோமியம், ஆர்சனிக் உப்புகளைச் சேர்த்துக் கண்ட மருந்து, உலகம் முழுவதும் தந்திக் கம்பங்களையும் மின் கம்பங்களையும் காத்தது. மருந்து நல்ல மருந்துதான். ஆனால் ஆர்சனிக் பாஷாணம் ஆயிற்றே. அமெரிக்காவில் வீட்டு உபயோக மரங்களுக்கு இதைப் பயன்படுத்துவது 2003 முடிவோடு நிறுத்தப்பட்டது. குழந்தைகள் விளையாடும் இடத்தில், சமையலுக்குப் பறிக்கும் கொடியின் கீழ், அப்படிப்பட்ட மரம் வேண்டாம். எஞ்சினில் வடித்த கழிவு எண்ணெயைக் காலில் பூசுவதும் கூடாது. அது கொடியின் குழிக்கே இறங்கும்.

எல்லாவற்றையும்விட எளிய வழி, மரத்தை மண்ணைத் தொடாமல் நிறுத்துவதுதான். வேலிக்கு வார்க்கும் சிமென்ட் தூணையோ கருங்கல் தூணையோ 4 அடி நீளத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஒன்றரை அடி நீளம், ஒன்றரை அடி அகலம், 2 அடி ஆழம் குழி எடுத்து, தூணின் 2 அடியைக் குழிக்குள் நிறுத்திக் காங்கிரீட் போட வேண்டும். இந்த அளவுக் காங்கிரீட் ஏறத்தாழ 290 கிலோ எடை வரும். முன்னே சொன்ன 200 கிலோ கணக்கு நினைவிருந்தால், குழியை ஏன் சிறிதாக்கக் கூடாது என்பது விளங்கும். வெளியே நிற்கும் 2 அடித் தூணோடு சவுக்குக் காலைச் சேர்த்து வைத்து, இரண்டு அரை அங்குலப் போல்ட்டுகளால் முடுக்க வேண்டும். மரத்தின் அடி தரையிலிருந்து 3 அங்குலம் உயர்ந்து நிற்கட்டும். தூணில் துளைகளை வார்க்கும்போதே விட்டு வாங்குவது நல்லது; பிறகு துளைத்தால் தூண் வெடிக்கும். கரையான் ஏறினாலும் தூணின்மேல் மண் கோடு கண்ணுக்குத் தெரியும். தென்னங்கீற்று ஈர்க்கால் தட்டிவிட்டால் போயிற்று. செலவு முதலில் கூடும். ஆனால் பத்து ஆண்டில் நாலு முறை கால் மாற்றும் செலவும் ஆள் கூலியும் இல்லை.

மேல் வேலை

20 அடி நீளத்திற்கு வரிசைக்கு 4 கால் வீதம் 8 கால் போதும். கால்களும் அவற்றின்மேல் நீளவாக்கில் வரும் உத்திரக் கழிகளும் 4 அங்குலக் கனம் இருக்க வேண்டும். குறுக்குக் கழி 3 அங்குலம். 2 அடிக்கு ஒன்றாக 11 கழி பிடிக்கும். உள் உயரம் ஏழரை அடி, வெளி உயரம் 7 அடி.

இணைப்புகளில் ஆணியை நம்பக் கூடாது. ஆணி, பக்கவாட்டுத் தள்ளலைத் தாங்கும். மேலே தூக்கினால் உருவிக்கொண்டு வந்துவிடும். காலின் தலையில் பாதிக் கனத்திற்கு வெட்டி உத்திரத்தை உட்கார வைத்து, போல்ட்டும் அகல வாசரும் போட்டு முடுக்க வேண்டும். குறுக்குக் கழிகளை உத்திரத்தோடு நாகம் பூசிய 8-ஆம் நம்பர் கம்பியால் இரண்டு சுற்றுச் சுற்றி முறுக்கலாம். சாதாரணக் கட்டுக்கம்பி கடல் காற்றில் துருப்பிடித்து இற்றுவிடும். மூலைக் கால்களில் இருபக்கமும் சாய்வு முட்டுக் கொடுக்காவிட்டால், எவ்வளவு பலமான காலும் நாளடைவில் ஒருபுறம் சரியும்.

வெட்டிய முனைகளிலும் துளைகளிலும் முந்திரி ஓட்டு எண்ணெய் பூசலாம். பண்ருட்டிப் பக்கம் முந்திரி ஆலைகளில் கிடைக்கிறது. மீனவர்கள் படகு மரத்தைப் பூச்சி அரிக்காமல் இருக்க இதைப் பூசுவது வெகு கால வழக்கம். தோலில் பட்டால் கொப்புளம் எழும்பும். கையுறையும் நீளக் கழியில் கட்டிய துணியும் இல்லாமல் தொடக் கூடாது.

கொடி ஏற மேலே போடும் வலைக்குத் தேங்காய் நார்க் கயிறே உகந்தது. நைலான் வலை பல ஆண்டு வரும் என்பது உண்மை. ஆனால் பல ஆண்டு வரக் கூடாது என்பதுதான் இங்கு தேவை, காரணம் கீழே.

பட்டத்தில் ஏற்றிப் பட்டத்தில் இறக்குவது

வீட்டுப் பந்தலுக்குப் புயல் காப்பு, கட்டுமானத்தில் பாதி, பயிர்ப் பட்டத்தில் பாதி. கொடி இல்லாத வெறும் சட்டத்தின் ஊடே காற்று புகுந்து போய்விடும். ஆகவே ஐப்பசி நடுவில் பந்தலின் தலை வெறுமையாக இருக்க வேண்டும்.

தை மாதம் விதைத்தால் இரண்டு மாதத்தில், அதாவது பங்குனி வெயில் ஏறும்போது, பந்தல் மூடிவிடும். புடலை போன்றவை ஏறத்தாழ 140 நாள் பயிர். வைகாசி கடைசியில் ஓயும். அது ஓயுமுன்பே, வைகாசி நடுவில், பக்கத்துக் குழிகளில் அடுத்த விதையைப் போட்டுவிட வேண்டும். இது ஐப்பசியில் ஓயும். வழக்கமான ஆடிப் பட்டத்திற்குக் காத்திருந்தால் கொடி கார்த்திகை வரை நிற்கும். அது புயல் மாதம். வயலில் பயிரிடுவோர்க்கு ஆடியே சரி. சுவரோரப் பந்தலுக்கு மட்டும் இந்த மாற்றம்.

பந்தல் அவரை வேண்டும் என்பவர்களுக்கு ஒரு சிக்கல். பகல் பொழுது குறைந்த பின்தான் அது பூக்கும். மார்கழி, தையில்தான் காய் கிடைக்கும். அந்த மாதங்களில் அடர்ந்த கொடியைச் சுவரோரம் வைத்திருப்பது கூடாது. புழக்கடையில் நெஞ்சளவு உயரத்தில் தனிப் பந்தல் போட்டு அவரையை அங்கே விடலாம்.

விதைக் குழிகள் வெளிவரிசைக் கால்களுக்கு அப்பால், சுவரை விட்டு 11 அடி தள்ளி இருக்கட்டும். சுவரடியில் குழி எடுத்துத் தண்ணீர் ஊற்றுவது அஸ்திவாரத்திற்கு ஆகாது. 20 அடிக்கு 3 குழி போதும். 1 அடி ஆழம், அகலம், நீளம் உள்ள குழிக்கு 10 கிலோ மக்கிய தொழு உரமும், 6:12:12 கலப்பு உரம் 100 கிராமும் இட்டு, 5 விதை ஊன்றி, 15 நாள் கழித்து இரண்டை மட்டும் விட வேண்டும். முப்பதாம் நாள் குழிக்கு 22 கிராம் யூரியா மேலுரம். சோப்பு கலக்காத, அரிசி களைந்த நீரும் காய்கறி கழுவிய நீரும் வாய்க்கால் மூலம் அங்கே போகும்படி செய்தால் கோடையில் தண்ணீர்ச் செலவு பாதியாகும்.

புடலையில் கோ 1 இரகம் ஐந்தடிக்கு மேல் நீளும். 7 அடிப் பந்தலில் அது தொங்கினால் நடப்பவர் முகத்தில் இடிக்கும். ஓரடி நீளமே வரும் கோ 2 இரகம் வீட்டுப் பந்தலுக்குப் பொருத்தம். பாகலில் பழ ஈ விழுந்த காய்களைப் பொறுக்கி ஆழப் புதைத்து வந்தாலே வீட்டளவில் பெரும்பாலும் கட்டுப்படும். வாசல் பந்தலில் பூச்சி மருந்து தெளிக்க வேண்டாம். மின் கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் ஒயர் பந்தலுக்கு மேலே போகிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். போனால் பந்தலின் இடத்தை மாற்ற வேண்டுமே தவிர, கொடி அதில் ஏறாது என்று இருந்துவிடக் கூடாது. அறுவடையான நிலக்கடலைக் கொடியைப் பந்தலின் கீழ்ப் போராகப் போடுவது இப்பகுதியில் சகஜம். எலியும் கரையானும் அங்கேதான் குடி வரும்; பக்கத்தில் அடுப்பு இருந்தால் தீ ஆபத்தும் உண்டு.

ஐப்பசியில் கொடியை வேரோடு அறுத்து, கயிற்று வலையையும் சேர்த்துச் சுருட்டி எருக்குழியில் போடலாம். நார்க் கயிறு என்றால் பிரித்தெடுக்கும் வேலை இல்லை. அதற்கு முன்பே புயல் எச்சரிக்கை வந்தால் காய் இருக்கிறதே என்று தயங்காமல், குறுக்குக் கழிகளுக்கு இடையே உள்ள கயிறுகளை அரிவாளால் அறுத்துக் கொடியைக் கீழே தள்ளிவிட வேண்டும். அரை மணி நேர வேலை. காற்று தொடங்கிய பிறகு ஏணி வைத்து ஏறக் கூடாது.

மழை ஓய்ந்து மார்கழி கடைசியில் போல்ட்டுகளை ஒருமுறை முடுக்கி, கழிகளைச் சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்று கேட்டால் நல்ல மரம். மொத்தென்று கேட்டால் உள்ளே உளுத்துவிட்டது என்று பொருள். அந்தக் கழியை மட்டும் மாற்றிவிட்டுத் தை விதைப்புக்குக் குழி எடுக்கலாம்.